பிரேக் இல்ல! பிரேக் இல்ல!

ஒரு ஊர்ல ஒரு இடியாப்பக்காரன் இருந்தான். பேரு சிங்காரம். சைக்கிள் கேரியர்ல பெரிய அலுமினியப் பாத்திரத்தக் கட்டி, உள்ள வாழை இலை போட்டு, சுடச்சுட இடியாப்பம் அடுக்கி, காலைல வீடு வீடாப் போய் விப்பான். ம் சொல்லு. ம்... அப்படித்தான்.

அவன் பொண்டாட்டி வடிவுதான் மாவு பிழியறவ. அவ சொல்றது ஒண்ணே ஒண்ணு. "இந்தா பாருய்யா, ஆவி போறதுக்குள்ள கொண்டு சேத்துடணும். ஆறுன இடியாப்பம் சணல் கயிறு."

அப்போ ஒரு நாள், இறக்கத்துல வரும்போது பிரேக் கம்பி 'டொய்ங்'னு அந்து போச்சு. சைக்கிள் 'விர்ர்ர்'னு ஓடுது. சிங்காரம் தொண்டை கிழியக் கத்தினான். "பிரேக் இல்ல! பிரேக் இல்ல! ஓரம் போங்க!" சனமெல்லாம் சடசடன்னு விலகிடுச்சு. மாடு கூட விலகிடுச்சு. கடைசில வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல்ல போய் 'சொத்'துன்னு நின்னான். பாத்திரத்தத் தெறந்தா, 'புஸ்ஸு'ன்னு ஆவி! என்னிக்கும் இவ்வளவு சூடா வந்ததில்ல.

அன்னிக்கே புதுக் கம்பி மாட்டிட்டான். பிரேக் கெட்டியாப் பிடிக்குது. ஆனா மனசு சும்மா இருக்கணுமே! "நாளைக்கும் கத்திப் பாத்தா என்ன?"ன்னு அரிச்சுது.

அப்புறம், மறுநாள் பிளாட்பாரத்து மேலயே சைக்கிள ஏத்தினான். அங்க உக்காந்து பூ கட்டிட்டு இருந்தா அஞ்சலை. "பிரேக் இல்லக்கா!" அவ கூடையத் தூக்கிட்டு எகிறினா. மல்லிகைப் பூவெல்லாம் மண்ணுல. அதுக்கு அடுத்த நாள் நாலுமுக்கு சிக்னல்ல செவப்பு விளக்கு. "பிரேக் இல்லண்ணே!" குறுக்க வந்த தண்ணி லாரி 'கிறீரீச்'சுன்னு நின்னுச்சு, பாதித் தண்ணி ரோட்டுல 'சளார்'. மூணாம் நாள் ஒருவழிப் பாதைல எதிர்த்தாப்புல வந்தான். "பிரேக் இல்லங்கய்யா!" போலீஸ் ஏட்டு மாசிலாமணி தாவினாரு பாரு, நேரா சாக்கடைல, 'தொப்'! தொப்பில சேறு சொட்டச் சொட்ட எந்திரிச்சு, "பாவம், பிரேக் இல்லாதவன்"னாரு.

சிரிக்காத. தூக்கம் கலைஞ்சுடும்.

அவன் கெட்டவனான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல கண்ணு. ஊரே விலகி வழி விட்டா அது ஒரு ருசி போல. ஒரு தடவ நாக்குல பட்டா விடாது.

அப்புறம் அன்னிக்கே டீக்கடைல வடை போடறதப் பாத்துட்டு, 'சர்ர்ர்... டக்'குன்னு நின்னான். ஒரு விரக்கடை பிசகல. எதிர்ப் பிளாட்பாரத்துல இருந்து அஞ்சலை அதப் பாத்துட்டா. பூவ 'சரக் சரக்'குன்னு இழுத்து முடிச்சுப் போட்டா. பொழுது சாயறதுக்குள்ள ஊருக்கே சேதி போயிடுச்சு.

மறுநாள்தான் பெரிய நாள். கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு சிங்காரத்தோட இடியாப்பம். சமையல் மாஸ்டர் கறாராச் சொல்லியிருந்தாரு. "ஆவியோட வந்தா பந்தில போடுவேன். ஆறியிருந்தா அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்." வடிவு பிழிஞ்சு பிழிஞ்சு கை ரெண்டும் வீங்கிக் கெடக்கு.

சிங்காரம் நாலுமுக்குக்கு வரான். "பிரேக் இல்ல! பிரேக் இல்ல!"

அப்போ இந்தப் பக்கம், பூ மூட்டையோட ட்ரைசைக்கிள்ல அஞ்சலை. "எனக்கும் பிரேக் இல்லடா தம்பி!"

அந்தப் பக்கம் தண்ணி லாரி. 'பாம்ம்ம்!' "நமக்கும் இல்லப்பா!"

எதிர்ல பால்காரர். "எனக்கு எப்பவுமே இருந்ததில்ல!"

எது பொய், எது நெசம்? பொய் சொல்லிப் பழகினவனுக்குக் கூடத் தெரியல. பிரேக்க இறுக்கிப் பிடிச்சான். கிறீச்! எல்லாரும் கிறீச்! நாலு வண்டியும் நடு ரோட்டுல மூக்கோட மூக்கு.

"நீ போடா தம்பி, பாவம், பிரேக் இல்லாதவன்."

"நீங்க போங்கக்கா."

"அட, நீ போடா!"

யாரும் நகரல. பின்னால பஸ், ஆட்டோ, 'பீப் பீப், பாம் பாம்'. பாத்திரத்து மூடி இடுக்குல ஆவி 'ஸ்ஸ்ஸ்'னு போயிட்டே இருக்கு.

அப்போ ஏட்டு மாசிலாமணி வந்தாரு. "பிரேக் இல்லாத வண்டிய ஓட்டக் கூடாது. எறங்கித் தள்ளிட்டுப் போங்க. பிரேக் இருக்கறவங்க நான் கை காட்டினதும் ஒவ்வொருத்தராப் போங்க."

"லாரியத் தள்ளறதா? எனக்கு இருக்குங்கய்யா!"ன்னாரு லாரிக்காரர். "எனக்கு இப்பத்தான் வந்துச்சுங்க!"ன்னாரு பால்காரர். அஞ்சலை சிரிச்சுட்டே, "எனக்கும்"னா. மூணு பேரும் போயிட்டாங்க.

சிங்காரம் மட்டும் நிக்கறான். ஒத்துக்கிட்டா மானம் போயிடும். ஒத்துக்கலன்னா ஆவி போயிடும். எறங்கித் தள்ளினான். பத்தடி போனான். பாத்திரத்தத் தொட்டுப் பாத்தான், சூடு கொறையுது. வடிவோட வீங்கின கை கண்ணு முன்னால வந்துச்சு. சைக்கிளோட திரும்பி ஓடி வந்து, நாலுமுக்கும் கேக்கற மாதிரி கத்தினான்.

"எனக்குப் பிரேக் இருக்கு! இத்தன நாளும் இருந்துச்சு!"

"அப்படியா? காட்டு, பாக்கலாம்"னாரு ஏட்டு.

ஏறி மிதிச்சான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க ரோட்டத் தாண்டுச்சுங்க, நின்னான். கொஞ்ச தூரத்துல தடி ஊன்றின தாத்தா ஒருத்தர் தாண்டினாரு, நின்னான். மண்டபத்துக்கிட்ட ஒரு நாயும் அதோட மூணு குட்டியும். நின்னான். கடைசிக் குட்டி நடு ரோட்டுல உக்காந்து காதச் சொறிஞ்சுது. அதுக்கும் நின்னான்.

மண்டபத்துல மாஸ்டர் மூடியத் தெறந்தாரு. மேல் அடுக்கு ஆறிப் போச்சு. நடு அடுக்கும் ஆறிப் போச்சு. அடி இலையத் தூக்கினாரு... நூல் மாதிரி ஒரு ஆவி, 'ஸ்...'

"அடி அடுக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு. மத்தத நீயே எடுத்துட்டுப் போ."

அத வீட்டுக்குக் கொண்டு போனான். வடிவு தட்ட எடுத்து வெச்சா. மூணு வேளையும் சணல் கயிறு. மென்னான், மென்னான், தாடை வலிக்க மென்னான்.

அதுல இருந்து அவன் கூவலே மாறிப் போச்சு. "இடியாப்பம்! பிரேக் இருக்கு! இடியாப்பம்!" அஞ்சலை இப்போ நீட்டின காலக் கூட மடக்க மாட்டா. அவன் ரோட்டோரமாவே வந்து, 'சர்ர்ர்... டக்'.

ம் சொல்லு. ம்...? சரி சரி.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாச்சு, கதைக்குப் பிரேக் போட்டாச்சு. கண்ண மூடு.