காட்டு மீன் குட்டிகளும் மூன்று வாய்களும்

கொளத்தூர் மீன் கடைத் தெருவில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரையும் சேர்த்துக் கூட்டினால் முக்கால் ஆள் தேறும். அந்த முக்காலில் பாதிக்கு மேல் பூவேந்தன். அதனால் மற்ற இரண்டு பேரும், அதாவது டில்லிபாபுவும் தணிகாசலமும், அவன் சொன்னபடி கேட்டார்கள்.

பூவேந்தனுக்கு ஒரே ஒரு ஆசைதான். அக்கா புருஷன் ஏகாம்பரத்தின் வண்ண மீன் கடைக்கு இரண்டு சாவி. ஒன்று மாமா இடுப்பில் இருக்கும். இன்னொன்று அக்காவின் அரிசி டப்பாவில். ஆறு வருஷம் தொட்டி கழுவியும் அந்த டப்பாச் சாவி அவன் கைக்கு வரவில்லை. வராததில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு புதன்கிழமை மாமா திருத்தணிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினார். வேறு வழி இல்லாமல் டப்பாச் சாவியை மச்சான் கையில் வைத்தார்.

"நான் ஞாயித்துக்கெழம வர்றப்போ எல்லாம் சரியா இருந்தா இது உனக்கே. இல்லேன்னா திரும்ப அரிசிக்குள்ள போயிடும். பாட்டில்ல இருக்கறது பைட்டரு. ஒண்ண ஒண்ணு பாத்தா கிழிச்சுக்கும், நடுவுல இருக்கற அட்டைய எடுக்காத. தெனம் ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம் கண்ணாடி காட்டு, அப்பதான் வாலும் செவுளும் விரிக்கும், ஒடம்புக்கு நல்லது."

பிறகு மூலைத் தொட்டியைக் காட்டினார். "இது காட்டு பைட்டரு. இதுல அப்பன்தான் குட்டிய வாய்ல வெச்சு வளக்கும். பதினாலு நாள் குட்டி வாய்லயே இருக்கணும். வாயத் தொறக்க வுட்றாத. தீனி போடாத. குட்டி மொத்தமும் கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தருக்கு, ஞாயித்துக்கெழம வருவாரு."

அந்தப் பதினாலில் பத்து நாள் ஏற்கெனவே முடிந்துவிட்டதை அவர் சொல்லவில்லை. அதற்குள் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

பாட்டில் மீன்கள் பட்டுப்புடவையைத் தண்ணீரில் அலசின மாதிரி சிவப்பும் நீலமுமாய் இருந்தன. காட்டு மீன் தேங்காய் நார் நிறம். இரண்டு கன்னமும் உப்பி, பல்வலிக்காரன் மாதிரி மூலையில் நின்றது.

டில்லி கண்ணாடியை எடுத்தான். தணிகாசலம் கையைப் பிடித்தான்.

"ஒண்ண ஒண்ணு பாக்கக் கூடாதுன்னாரே. கண்ணாடிக்குள்ள ஒண்ணு கீது பாரு."

"அது அதே மீனுதான்டா."

"நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?"

டில்லி கண்ணாடியைக் கீழே வைத்தான். பூவேந்தன் கடைக்கு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தான். "கண்ணாடி காட்டுன்னாரு. எந்தப் பக்கம்னு சொல்லல. பின்பக்கத்தக் காட்டு."

நாற்பது பாட்டில், ஆளுக்கு அஞ்சு நிமிஷம். போனில் அலாரம் வைத்து மூன்று மணி இருபது நிமிஷம் கண்ணாடியின் முதுகைக் காட்டினார்கள். ஒரு மீனும் வாலை விரிக்கவில்லை.

"அதுங்களுக்கு எப்டின்னு தெரியல போல," என்றான் தணிகாசலம். "யாராவது செஞ்சு காட்டணும்."

டில்லி கன்னத்தை உப்பிக்கொண்டு, லுங்கியை இரண்டு பக்கமும் பிடித்து விரித்து, பாட்டில் வரிசை முன்னால் குறுக்கும் நெடுக்கும் நீந்தினான். மீன் தீனி வாங்க வந்த ஒரு அம்மா வாசலோடு திரும்பிப் போனார். ஆனால் மீன்கள் நாற்பதும் விரித்தன. டில்லியை அப்படிப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும்.

வியாழக்கிழமை மத்தியானம் மூலைத் தொட்டிக்கு எதிரே தணிகாசலம் கொட்டாவி விட்டான். அதைப் பார்த்து டில்லி விட்டான். டில்லியைப் பார்த்து பூவேந்தன் விட்டான். விட்ட பிறகுதான் அவனுக்குப் பகீரென்றது.

"கொட்டாவி ஒட்டிக்கும்டா."

"மீனுக்குமா?"

"அதுக்கும் வாய் கீதுல்ல?"

அன்றிலிருந்து கடைக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எதுவானாலும் தெருவில் போய்ப் பேசிவிட்டு வரவேண்டும். வாசலில் அட்டை தொங்கியது: 'உள்ளே வாயை மூடவும்'. படிக்காமல் நுழைந்து "மோட்டார் இருக்கா?" என்று கேட்டவரின் வாயைத் தணிகாசலம் பொத்தி, வெளியே கூட்டிக்கொண்டு போய், "இல்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தணிகாசலம் அடக்கி அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. ஒரு பெரிய கொட்டாவி விட்டான். அதே நேரத்தில் காட்டு மீனும் வாயைத் திறந்தது. கண்ணும் வாலுமாய், எறும்பு அளவில் இருபத்து நாலு குட்டிகள் வெளியே வந்தன.

மூன்று பேரும் தெருவுக்கு ஓடினார்கள்.

"நாலு நாள்தான்டா ஆச்சு," என்றான் பூவேந்தன். "இன்னும் பத்து நாள் வாய்லயே இருக்கணும். திரும்ப உள்ள போடு."

ஒரு குட்டியை ஸ்பூனில் எடுத்து அப்பன் உதட்டருகே கொண்டுபோனார்கள். அது நாலு நாளாக இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மீன். முதுகைத் திருப்பிக்கொண்டது.

மறுபடியும் தெரு.

"அப்பன் வாங்க மாட்டேங்கறான்."

"குட்டி வாய்ல இருக்கணும்னாரு," என்றான் டில்லி மெதுவாக. "யார் வாய்ன்னு சொன்னாரா?"

பூவேந்தன் ஞாபகப்படுத்திப் பார்த்தான். சொல்லவில்லை.

வாய்களைச் சோதித்தார்கள். தணிகாசலம் பாக்குப் போடுகிறவன், அவனை ஏழு தடவை கொப்பளிக்க வைத்தார்கள். டில்லிக்கு முன்பல் இரண்டு கிடையாது. "அதனால இன்னா, நடுவுல அட்டை வெச்சுக்கறேன்," என்றான். தொட்டித் தண்ணீரோடு ஆளுக்கு ஆறு குட்டி வாயில் வைத்துக்கொண்டார்கள். மீதி ஆறு டீ கிளாஸில் காத்திருந்தன.

பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"டேய், மீனெல்லாம் நல்லா இருக்கா?"

"ம்."

"மாமா தெருமுனைக்கு வந்துட்டாரு. கடையிலயே இரு."

"ம்ம்."

தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

ஏகாம்பரமும் கோயம்புத்தூர்க்காரரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். மூன்று பேர் மூலைத் தொட்டி பக்கத்தில் கன்னம் உப்பி நின்றார்கள். தொட்டிக்குள் கன்னம் வற்றி ஒரு மீன்.

"ஏனுங்க, பசங்களுக்கெல்லாம் பல்லுவலிங்களா?"

மாமா தொட்டியைப் பார்த்தார். "குட்டி எங்கடா?"

மூன்று விரல்கள் மூன்று கன்னங்களைக் காட்டின.

"துப்புங்கடா."

பூவேந்தன் தலையை ஆட்டினான். இவ்வளவு தூரம் காப்பாற்றிவிட்டுக் கடைசியில் மாமாவே தன்னைச் சோதிக்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. ஒரு அட்டையை எடுத்து நிதானமாக எழுதிக் காட்டினான்: 'இன்னும் பத்து நாள் கீது மாமா. ஆறு குட்டிக்குத்தான் எடம் பத்தல.'

மாமாவுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

டில்லி எட்டி உள்ளே பார்த்தான். பல் எல்லாம் இருந்தது. பூவேந்தனைப் பார்த்துத் தலையசைத்தான். பூவேந்தன் ஒரு கையில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டீ கிளாஸிலிருந்து ஸ்பூனைத் தூக்கினான்.

கோயம்புத்தூர்க்காரர் தன் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டார்.