'கப்பல்' என்று பெயரிட்ட ஃபோல்டர்

தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம். மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் காலை அங்கே ஒருவருக்கும் மெயில் திறக்கவில்லை. நாற்பது மேசையிலும் ஒரே பிழைச் செய்தி, நாற்பது வாயிலும் ஒரே வசவு.

சரிசெய்யப் போனவர் சுடலைமுத்து. இருபது வருஷம் எடைமேடையில் லாரிகளை எடை போட்டுவிட்டு, ஐம்பது வயதில் கணினிப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் செய்யதலி பாத்திமா. அவரைவிடப் பதினாறு வயது இளையவர். 'டீச்சர்' என்று சுடலைமுத்து விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

பழைய மெயில் கணக்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் மெயில் திறந்தது. மிச்சம் மீதி எதுவும் தொல்லை தரக் கூடாதென்று சுடலைமுத்து கணினியில் கிடந்த பழைய மெயில் கோப்புகளையும் சேர்த்தே துடைத்தார். ஆட்கள் இருந்தால் தொணதொணப்பார்கள் என்று, சாப்பாட்டு நேரத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவே மளமளவென்று முடித்தார்.

பில் பிரிவில் மூத்தவரான லூர்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மெயில் திறக்குது சுடலை. 'கப்பல்'னு ஒரு ஃபோல்டர் வச்சிருந்தேனே, அதக் காணலியே?"

"சர்வர்ல இருந்து வந்துரும் அண்ணாச்சி."

"சர்வர்ல இடம் இல்லன்னுதானே இந்த மிஷின்ல எடுத்து வச்சிருந்தேன்."

அதில் இருந்தவை அவர் மகன் ஜெரால்டு கப்பலிலிருந்து எழுதிய மெயில்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் அப்பாவின் ஆபீஸ் முகவரிக்கே எழுதுவான். போன வருஷம் கடலில் விழுந்தவன், கிடைக்கவேயில்லை.

பாத்திமா இரண்டு நாள் தேடிப் பார்த்தார். ஒன்றும் மீளவில்லை.

"அப்டேட்ல போயிட்டுன்னு சொல்லிரட்டுமா டீச்சர்? ஆபீஸே அதத்தான் ஏசுது. இவரும் சேர்ந்து ஏசிட்டுப் போறாரு."

பாத்திமா தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் லூர்துவின் மேசை எதிரே போட்டார். திரும்பி வந்து, நின்றபடியே வேலையைப் பார்த்தார்.

சுடலைமுத்து போய் அதில் உட்கார்ந்தார்.

"நான்தான் அழிச்சேன் அண்ணாச்சி."

லூர்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிக்கும்போது படிச்சுப் பாத்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"படிச்சிருந்தா உனக்காவது ஞாபகம் இருந்திருக்கும். எனக்குக் கொஞ்சங் கொஞ்சமா மறக்குது. அதான் தினமும் தொறந்து பாப்பேன்."

சுடலைமுத்து எழுந்து வந்தார். "சொல்லிட்டேன் டீச்சர்."

"நாற்காலிய நான் இன்னும் திருப்பிக் கேக்கலியே."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் லூர்து நினைவிலிருந்து சொல்வார், சுடலைமுத்து தட்டச்சு செய்வார். சாம்பாரில் உப்பில்லை என்று ஒரு மெயில். எனக்குக் காய்ச்சல், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஒன்று. சில நாள் ஒரு வரிகூட வராது. இருவரும் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள்.

மூன்றாவது வாரம் சுடலைமுத்து இரண்டு தாள்களோடு வந்தார்.

"ரெண்டும் ஒரே மெயில்தான் டீச்சர், சிங்கப்பூர்ல இருந்து போட்டது. போன வாரம், 'வேலை பிடிக்கலப்பா, வந்துரட்டுமா'ன்னு பையன் கேட்டதாச் சொன்னாரு. இவரு, 'இன்னும் ஆறு மாசம் பொறுத்துக்கோ'ன்னு பதில் போட்டாராம். இன்னைக்கு என்னடான்னா, 'வேலை பிடிச்சிருக்குப்பா'ன்னு எழுதியிருந்தான்கிறாரு."

பாத்திமா இரண்டையும் படித்தார்.

"ஒண்ணுதானே நிஜமா இருக்கணும். எத எடுத்துரட்டும் டீச்சர்?"

பாத்திமா தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி சுடலைமுத்துவின் கையில் கொடுத்தார்.

"அவர்கிட்ட இருந்து இன்னும் எடுக்கணுமா அண்ணாச்சி?"