மூஞ்சியப் பாக்காம சிறந்த நடிகையத் தேர்ந்தெடுத்தது

சிறந்த நடிகை விருது யாழ்மதிக்குத்தான்னு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமா? நல்லாச் சொன்னீங்க போங்க. கொழந்தைக்குத் தெரிஞ்சிருக்கும். நெட்டூரணி ஊர்ல அத முடிவு பண்ணது கொழந்தைங்க இல்லியே. சித்திரவேலுவும் அவன் கூட்டாளிங்களும்ல!

சித்திரவேலு யாருன்னா, சினிமாக் கொட்டகையில சைக்கிள் ஸ்டாண்டு பாத்துக்கறவன். சொன்ன சொல்லத் தட்டவே மாட்டான். 'டோக்கன் இல்லாம எவன் வண்டியையும் வெளிய விடாத'ன்னு மேனேஜர் ஒருநாள் சொன்னாரு. பாவம், அவரே டோக்கன் வாங்க மறந்துட்டாரு. அவரு வண்டி இன்னமும் உள்ளதான் நிக்குது. மேனேஜர் நடந்துதான் வேலைக்கு வர்றாரு.

இப்பேர்ப்பட்ட அறிவாளி, டிக்கெட் கவுன்ட்டர்ல உக்கார்ற பூமயில் மேல ஆசப்பட்டான். அவளுக்கும் இஷ்டம்தான். ஏன்னு கேக்காதீங்க, அது அவ தலையெழுத்து. ஆனா அவங்கப்பா தெய்வசிகாமணி கொட்டகை ஆப்பரேட்டரு. படம் ஓட்டி ஓட்டியே தல நரச்ச மனுசன். அவரு ஒரு கண்டிஷன் போட்டாரு.

"தம்பி, சினிமா தெரியாதவனுக்கு எங்க வீட்டுல பொண்ணு கெடையாது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் சிறந்த நடிகை விருது குடுக்கறாங்க. யாருக்குன்னு முன்னாடியே சொல்லு. சரியா இருந்தா பூமயில் உனக்கு. இல்லேன்னா திங்கக்கெழம தர்மபுரியிலேர்ந்து ஒரு மாப்ள பொண்ணு பாக்க வர்றான், அவனுக்கு."

சித்திரவேலு மொகம் வாடிப் போனதப் பாத்து, போனாப் போவுதுன்னு ரெண்டு யோசனையும் சொன்னாரு.

"போட்டியில இருக்கறது ரெண்டே பேரு. மேகவர்ணா, யாழ்மதி. ரெண்டு பேரும் புதுசு. அவங்க படம் ரெண்டையும் இந்த வாரம் ஓட்டறேன், வந்து பாரு. ஒண்ணு, மூஞ்சியப் பாக்காத, நடிப்பப் பாரு. இன்னொண்ணு, பக்கத்துல இருக்கறவன் பேச்சக் கேக்காத."

இதையே ஒரு மனுசன்கிட்ட சொல்லியிருந்தா ஒரு ஆபத்தும் வந்திருக்காது.

சித்திரவேலு ஒத்தாசைக்கு ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டான். ஒருத்தன் பரோட்டாக் கட கொளஞ்சி. இன்னொருத்தன் மொக்கராசு, அவனுக்குத் தொழில்னு ஒண்ணும் கெடையாது, யோசிக்கறதோட சரி. பக்கத்துல இருக்கறவன் பேச்சக் கேக்கக் கூடாதுல்ல, அதனால மொக்கராசு மொத வரிசையில, சித்திரவேலு நடுவுல, கொளஞ்சி கடைசி வரிசையிலன்னு தள்ளித் தள்ளி உக்காந்தானுங்க. மூஞ்சியப் பாக்கக் கூடாதுல்ல, அதனால நடிகை வர்றப்பல்லாம் கைய நீட்டி அவ மூஞ்சிய மறைச்சுக்கிட்டானுங்க.

கடைசி வரிசைக்காரனுக்கு ஒரு வெரலே போதுமா இருந்துச்சு. நடுவுல ஒரு உள்ளங்கை. மொத வரிசையில மூஞ்சி வீடாட்டம் தெரியுது, கை எங்க பத்தும்? மொக்கராசு கொடைய விரிச்சுட்டான். பின்னாடி இருந்த ஜனம் அவனச் சும்மா விடல. அடி வாங்கினப்பவும் கொடைய மடக்கலியே, அந்தப் பெருமைய அவன் இப்பவும் சொல்லிக்கறான்.

மொதல்ல மேகவர்ணா படம். அதுல அவ வாய் பேசாத பொண்ணா வர்றா. பாதிப் படத்துலயே விவாதம் ஆரம்பிச்சிருச்சு. ஆளுக்கொரு மூலையில இருந்ததால கத்தித்தான் பேசணும்.

"டேய் வேலு! இவ ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாளேடா!" இது கொளஞ்சி.

"அதான் நடிப்புன்னு பேப்பர்ல போட்டிருக்கான்!"

"எது, பேசாம இருக்கறதா? எங்க வீட்டு எரும வருசம் பூரா பேசாம நிக்குது! அதுக்கு எவன் விருது குடுத்தான்?"

மொத வரிசையிலேர்ந்து மொக்கராசு எந்திரிச்சு நின்னு கேட்டான். "பாதி வேலதான செஞ்சிருக்கா? வாய் சும்மாத்தான இருந்துச்சு?"

நியாயமான கேள்வின்னு மூணு பேருக்கும் பட்டுச்சு. மேகவர்ணா கத அங்கயே முடிஞ்சிருச்சு. மூணு பேரையும் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளினாங்க.

மறுநாள் யாழ்மதி படம். இதுல அக்கா, தங்கச்சி ரெண்டு வேசமும் அவதான். அக்கா கொண்ட போட்டுக் கண்ணாடி மாட்டின டீச்சரு. தங்கச்சி ரெட்டப் பின்னல் போட்டுத் துள்ளித் திரியற பொண்ணு. கன்னுக்குட்டியக் காப்பாத்தப் போயி ஆத்து வெள்ளத்துல செத்துப் போறா, இன்டர்வெல்லு. உலகத்துக்கே தெரிஞ்ச விசயம், ரெண்டும் ஒரே மூஞ்சி. மூஞ்சியப் பாக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? அக்காளும் தங்கச்சியும் ஒண்ணா வர்ற எடத்துல சித்திரவேலு ரெண்டு கையையும் தூக்கி ரெண்டு மூஞ்சியையும் மறைச்சான். கை கடுத்து உசுரே போச்சு. எல்லாம் பூமயிலுக்காக. அந்த வாரம் போஸ்டர் பக்கம்கூடத் திரும்பல.

படம் முடிஞ்சு பரோட்டாக் கடயில உக்காந்தானுங்க. டிவியில அப்ப கோட்டுப் போட்ட நாலு பேரு இதே விசயத்தப் பேசிக்கிட்டிருந்தாங்க. நம்மாளுங்களுக்கும் அவங்களுக்கும் கோட்டு ஒண்ணுதான் வித்தியாசம்.

"எனக்கு அக்காதான்டா புடிச்சிருந்துச்சு. எவ்ளோ அழுதா!" கொளஞ்சி மாவப் பெசஞ்சுகிட்டே சொன்னான்.

"அழுவறது ஒரு பெரிய வேலயா? தங்கச்சி செத்தே காட்டினாளேடா!" சித்திரவேலு துண்டால கண்ணத் தொடச்சான். "இன்டர்வெல்லுக்கு அப்புறம் எந்திரிச்சு வந்தாளா? நானும் கடேசி வரைக்கும் பாத்தேன், வரவேயில்ல. அப்ப நெசமாத்தான் போய்ட்டா."

"அடப்பாவமே. நடிப்புக்காக உசுரையா குடுத்தா?"

"அப்ப அக்கா என்னத்தக் குடுத்தா? கண்ணாடியக்கூடக் கழட்டல!"

மொக்கராசு ரொம்ப நேரமா யோசிச்சுக்கிட்டிருந்தான். "வேலு, ஒரு சிக்கல் இருக்கு. செத்தவ மேடைக்கு வந்து எப்படி விருது வாங்குவா?"

சித்திரவேலுக்குத் திங்கக்கெழம ஞாபகம் வந்துருச்சு. தர்மபுரி மாப்ள பஸ்ஸ விட்டு எறங்கற மாதிரியே கண்ணுல தெரிஞ்சான். பரோட்டா வாயிலயே நின்னுபோச்சு.

கொளஞ்சிதான் காப்பாத்தினான். "செத்தவங்களுக்குக் குடுத்தா வீட்டு ஆளுங்க வந்து வாங்கிக்குவாங்கடா. கூடப் பொறந்தவ எதுக்கு இருக்கா? அக்கா வருவா."

"கொளஞ்சி, நீ பரோட்டா போட வேண்டிய ஆளே இல்லடா!"

அது என்னமோ நெசம். அவன் பரோட்டாவத் தின்னவங்க எல்லாரும் சொல்றதுதான்.

சித்திரவேலு நேரா ஆப்பரேட்டரு ரூமுக்குப் போனான். "மாமா, முடிவு பண்ணிட்டேன். ரெண்டாவது படத்துல வந்த தங்கச்சிக்குத்தான்."

"யாழ்மதிக்குன்னு சொல்ற?"

"பேரெல்லாம் நான் கேட்டுக்கல மாமா. அந்தப் பொண்ணு மனசுல நிக்குது. பாவம்."

தெய்வசிகாமணி அவன ஏற எறங்கப் பாத்தாரு. இவனுக்கும் நடிப்பு புரியுதேன்னு அவருக்கே ஆச்சரியம். "சரி, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. அங்கயே பாத்துருவோம்"னாரு.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் மூணு பேரும் குளிச்சு, வெள்ள வேட்டி கட்டி, அவரு வீட்டு டிவி முன்னாடி வரிசையா உக்காந்தானுங்க. மேடையில கவரப் பிரிக்கறாங்க. "சிறந்த நடிகை... யாழ்மதி!" அவ எந்திரிச்சு வந்தா. மூணு கையும் சேந்தாப்புல மேல போயி டிவிய மறைச்சுது.

"கைய எடுங்கடா! எழவு, எனக்குத் தெரியல!"ன்னாரு தெய்வசிகாமணி.

கைய எறக்கிப் பாத்தா, கொண்ட போட்டு, கண்ணாடி மாட்டின பொம்பள ஒருத்தி. கையில விருத வெச்சுக்கிட்டு அழுவறா. "இத என் தங்கச்சி வேசத்துக்குக் கெடச்சதாவே நெனைக்கறேன்"ங்கறா.

மூணு பேரும் எந்திரிச்சுத் தலையக் குனிஞ்சு நின்னானுங்க. "சொன்னேன்ல, அக்கா வருவான்னு"ன்னு கொளஞ்சி மூக்க உறிஞ்சினான்.

"சரியாச் சொல்லிட்டப்பா! பூமயில் உனக்குத்தான்!"ன்னு தெய்வசிகாமணி துள்ளிக் குதிச்சாரு. அப்புறந்தான் மூணு மூஞ்சியையும் பாத்தாரு. "எதுக்குடா எழவு வீட்ல நிக்கற மாதிரி நிக்கறீங்க?"

"தங்கச்சி போன துக்கம் அந்தப் பொம்பளைக்கு இன்னும் ஆறல மாமா."

"எவடா போனா? ரெண்டும் ஒரே பொம்பளடா! கொண்ட போட்டா அக்கா, பின்னல் போட்டா தங்கச்சி! அம்புட்டுதான்!"

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டானுங்க. மனசத் தேத்தறதுக்குப் பெரியவங்க இப்படி எதையாவது சொல்லத்தான் செய்வாங்க. மரியாதைக்குத் தலய ஆட்டி வெச்சானுங்க. கொண்டன்னா அக்கா, பின்னல்னா தங்கச்சி, அந்த மட்டும் நல்லாப் பதிஞ்சுது.

அப்பப் பாத்து உள்ளேர்ந்து பூமயில் வந்தா. அன்னைக்குத் தலைக்கு ஊத்தியிருந்தா, ஈரத் தலயச் சுத்திக் கொண்ட போட்டிருந்தா. நாலு வருசமா கவுன்ட்டர்ல பின்னலோடதான் அவளப் பாத்திருக்கான் சித்திரவேலு.

"யோவ், உள்ள வா. கேசரி ஆறுது"ன்னா.

சித்திரவேலு அந்தக் கொண்டயவே பாத்தான். அப்புறம் கொளஞ்சியோட காதுகிட்டக் குனிஞ்சு மெதுவாக் கேட்டான். "டேய், இவங்க வீட்ல அக்கா ஒண்ணு இருக்கறத யாருமே சொல்லலியேடா. அப்ப பூமயில் எங்க?"

கொளஞ்சியும் கொண்டயப் பாத்தான். அவனுக்கும் கண்ணு கலங்கிருச்சு. "மனசத் தேத்திக்கடா. இன்டர்வெல்லுக்கு முன்னாடியே போயிருக்கும்."

"யோவ்! கூப்புடறது காதுல விழல?"

"வர்றேங்க"ன்னான் சித்திரவேலு. தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, துக்கம் கேக்க உள்ள போனான்.