மைனாவுக்குச் சோளக்குருவி என்ன முறை?

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிட்டது, ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அவர் வளர்த்த மைனாவின் கூண்டில், குளிர்காலத்தில் வந்திறங்கும் சோளக்குருவி ஒன்றையும் பிடித்து விட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி நடந்தன, ஒரே மாதிரி கத்தின. ஆனால் ஒன்று பழுப்பு, மற்றது ரோஜா நிறம்.

"இவை உறவா, இல்லையா? உறவென்றால் என்ன முறை?" என்றார் ராஜா.

விகடகவி சடையனைக் கண்டாலே வயிறெரியும் அதிகாரிகள் வல்லபரும் சேந்தனாரும் சும்மா விடுவார்களா? "சடையன் சொல்லட்டும், மன்னா! பறவைகளே அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். தவறினால் நாட்டைவிட்டே போகட்டும்!" என்று தூபம் போட்டார்கள். ராஜாவும் தலையாட்டிவிட்டார். சாயங்காலம்வரை கெடு.

சடையன் கூண்டருகே ஓடினான். பறவைகளின் காலைப் பார்த்தான், உறவு போலிருந்தது. சிறகைப் பார்த்தான், இல்லை போலிருந்தது. பாட்டைக் கேட்டான், எது பாடியது என்றே தெரியவில்லை! 'அட கடவுளே, கேவலம் இரண்டு குருவியா என்னை ஊரைவிட்டு விரட்டுவது? பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவேன்?' என்று பதறினான். பொழுதும் சாய்ந்தது, ராஜா சபையோடு வந்துவிட்டார். வருவது வரட்டும் என்று ஒரே ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த சோளத்தைக் கூண்டுக்குள் வைத்தான்.

அவ்வளவுதான்! இரண்டும் ஒன்றையொன்று கொத்தித் தள்ளின. இறகு பறந்தது.

"பங்காளிகள், மன்னா!" என்று துள்ளினான் சடையன். "சம்பந்திகளாக இருந்தால் 'நீங்க சாப்பிடுங்க, நீங்க சாப்பிடுங்க' என்று உபசாரம் அல்லவா நடந்திருக்கும்?"

"அபத்தம்!" என்று கத்தினார் வல்லபர். "சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்வார்களா?"

"அப்படியானால் ஐயாவும் சேந்தனாரும் ஒரே பாட்டனாரின் பேரர்கள் இல்லையா? அவர் விட்டுப்போன மாந்தோப்புக்காகப் போன வாரம் கட்டிப் புரண்டீர்களே!"

சபை கொல்லென்று சிரித்தது. பேரன் இல்லை என்றால் தோப்பில் பங்கு போய்விடும். ஆமாம் என்றால் சடையன் ஜெயித்துவிடுவான். இருவரும், "பங்காளிகள்தாம்" என்று முனகினார்கள்.

ராஜா மனமிரங்கி இன்னொரு கிண்ணம் வைக்கச் சொன்னார். குருவிகள் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு சத்தமில்லாமல் தின்றன. ராஜா மறுபடியும் குழம்பிப்போனார்.

"சண்டையைக் காணோமே, சடையா! அப்படியென்றால் உறவு இல்லையா?"

"உறவு அப்படியேதான் இருக்கிறது, மன்னா. பாகப்பிரிவினை ஆகிவிட்டது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சடையனுக்குப் போட்டார். மாந்தோப்பின் நடுவே வேலி போட அன்றைக்கே ஆள் அனுப்பினார்.