எண் சொல்லாத கணக்கு

ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி. அங்கே பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவள் செங்கமலம். ஒருநாள் இயக்குநர்கள் கூட்டத்துக்கு ஆண்டறிக்கைகளைச் சுமந்து வந்தாள். புதுக் கடனுக்கு ஒப்புதல் கேட்டுக்கொண்டிருந்த சேர்மன் தில்லைநாயகம், "இது என்றைக்கும் சொந்தக் காலில் நின்ற கம்பெனி!" என்று மார்தட்டினார். செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிப்பு? முப்பது வருஷத்துல நம்ம மூலதனம் எப்படி மாறிச்சுன்னு ஒரு எண்கூட இல்லாம சொல்லு பார்ப்போம். முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று சவால் விட்டார் சேர்மன்.

"ஒவ்வொரு அறிக்கை முடிவுலயும் நீங்க எழுதின நன்றியையே வாசிக்கிறேன் சார்," என்று அறிக்கைகளை வரிசையாகப் பிரித்தாள்.

"முதல் அறிக்கையில, 'பங்குதாரர்களுக்கு நன்றி.' அப்புறம், 'பங்குதாரர்களுக்கும் வங்கிகளுக்கும் நன்றி.' அதுக்கப்புறம், 'வங்கிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் நன்றி.' போன வருஷம், 'பொறுமை காக்கும் வங்கிகளுக்கு நன்றி.'"

கூட்டத்தில் இருந்த ஆடிட்டர் அவசரமாகக் கணக்கைப் புரட்டினார். நன்றியில் வங்கிகள் சேர்ந்த ஆண்டில்தான் கடன் பங்குதாரர் பணத்தை எட்டிப் பிடித்திருந்தது; வங்கிகள் முன்னுக்கு வந்த ஆண்டில்தான் அதை மிஞ்சியிருந்தது! "நான் நூறு பக்கம் எழுதியும் இது விளங்கலையே!" என்று வாய்பிளந்தார். கூட்டமே மலைத்துப்போய் அவளைப் பார்த்தது.

சேர்மன் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. இந்தக் கடனை வாங்கலாமா, வேண்டாமா?"