ஏறாத பன்னிரண்டு பேர்

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றார் சிதம்பரதாணு.

தலை நரைத்த பிறகு மடத்துக்குக் கம்ப்யூட்டர் கற்க வந்த மனிதர். குரு செண்பகவடிவுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் மடத்தில் எல்லாருக்கும் அவர் அம்மா.

"கேளுங்க."

"நாலாயிரம் பேரை மொத்தமா டேட்டாபேஸ்ல ஏத்துறோம். அதுல பன்னிரண்டு பேர் ஏறலை. ஏத்தினதை எல்லாம் திரும்ப இறக்கணுமா? இல்ல, அந்தப் பன்னிரண்டை விட்டுட்டு மேல போகணுமா?"

ஆகா, என்ன அழகான சந்தேகம்!

மடத்துக் கண் முகாமுக்குப் பெயர் ஏற்றியவர் சிதம்பரதாணுதான். பிழை வந்தால் வாயைத் திறக்காமல் அடுத்த பெயருக்குப் போ என்று புரோகிராமில் எழுதியவரும் இவர்தான். 'எல்லாரும் ஏறியாச்சு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் இவரே.

அன்று முகாம். மூன்று பஸ் மாறி வந்த ஒரு பீடி சுற்றுகிற பெண்ணை, பட்டியலில் பேர் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அவள் போகவில்லை. புரை விழுந்த கண்ணோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார்.

அவளைப் பார்த்ததும் இவர் பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. வந்து உட்காருங்க" என்றார் அம்மா.

அன்று அவரே பரிமாறினார். சோறு வைத்துக்கொண்டே வந்தவர், சிதம்பரதாணுவின் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனார். குழம்பும் தாண்டியது. ரசமும் தாண்டியது.

பக்கத்து இலைக்காரர் பதறினார். "அம்மா, இவருக்கு..."

"உஸ்! சும்மா இருங்க." சிதம்பரதாணு அவர் தொடையைக் கிள்ளினார். இத்தனை பேர் நடுவில் சோறு கேட்பதா?

"அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை அம்மா."

"அப்போ எல்லாருக்கும் ஆச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்தான். இப்போது மறைக்க இலையில் சோறே இல்லை. முகம் எரிந்தது.

அம்மா சோற்று வாளியோடு அவர் எதிரே வந்து நின்றார்.

"அந்தப் பன்னிரண்டு பேர் யார் யாரு?"

"பாக்கலை அம்மா. யாருன்னு நான் பாக்கவே இல்லை."

அம்மா கரண்டியை எடுத்தார். சிதம்பரதாணு வேண்டாமென்று இரண்டு கையாலும் இலையை மறைத்தார். பிறகு எழுந்தார். இந்த முறை முன்வாசல் வழியாகவே போனார்.

"தாயி, உங்க பேர் என்ன?"

"பேராச்சிங்க."

"முன்னெழுத்து?"

"அது கிடையாதுங்க. அப்பன் யாருன்னு தெரியாம வளர்ந்தவ." அவள் குரல் இறங்கியது. "ஏன் ஐயா, என் பேர்ல ஏதும் தப்பா?"

முன்னெழுத்துக் கட்டம் காலியாக இருந்ததால்தான் அவள் பெயர் ஏறவில்லை. சிதம்பரதாணு அவள் கையைப் பிடித்து எழுப்பினார். டாக்டர் இருந்த அறையைப் பார்த்து நடந்தார்.

"இல்ல தாயி. தப்பு என் பேர்ல."