பஞ்சுவின் கயிறு

சிலிண்டர்காரரை நாய் கடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே. பதினொரு தையல்.

தணிகாசலம் இதைச் சொல்லிவிட்டு மடத்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. கயிற்றின் மறுமுனையில் நாய் இருந்தது.

புல் டெரியர். முப்பது கிலோ. முட்டை மாதிரி தலை. பிடித்தால் விடாது. உட்கார்ந்தால் எழாது. வெள்ளையாக இருந்ததால் மகள் பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

"நாளைக்கு ஊசி போட்டு முடிச்சிடலாம்னு இருக்கேன், சாமி. டாக்டர்கிட்டே சொல்லியாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மனசு ஆறும்."

சாமியும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். ஒருவர் மடத்துக்குப் போனார். மற்றவர் லாரி ஆபீஸ் வைத்தார். பத்து வருஷமாகச் சீடர். ஆனாலும் சாமிக்கு அவர் 'டேய்'தான்.

"என்னடா அவசரம்?"

"புதன்கிழமை மகள் வருது. கைக்குழந்தையோட. நாயா, பேரனான்னு என் வீட்டுக்காரி கேட்கிறா."

"வாய்க்கூடு?"

"மூணு வாங்கினேன். மூணையும் கடிச்சுத் துப்பிருச்சு."

"அடிச்சியா?"

"அடிச்சேன். பார்த்துக்கிட்டே நின்னுச்சு. நான்தான் பின்னாடி நகர்ந்தேன். வீட்டுக்குள்ளே சுவரை ஒட்டித்தான் நடக்கிறேன், சாமி."

"கடிச்சப்போ கயிறு யார் கையில்?"

"என் கையில்தான். இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன்."

"எப்போதிலிருந்து?"

"அவர் தெருமுனையில் திரும்பினதிலிருந்து."

சாமி எழுந்தார்.

"சிங்காரம்!"

மடத்தில் மணியடிப்பவர் சிங்காரம். இரண்டு கண்ணும் தெரியாது. தூணுக்குத் தூண் தொட்டபடி வந்தார்.

"இந்தக் கயிற்றைப் பிடி. குளத்தை ஒரு சுற்று சுற்றிட்டு வா."

தணிகாசலம் குறுக்கே வந்தார். "வேண்டாம், சாமி. பாவம்..."

"என்ன பிராணி இது? பன்னி மாதிரி மூச்சு விடுது" என்றார் சிங்காரம்.

"நாய்" என்றார் சாமி.

"கடிக்குமா?"

"கடிக்கும்" என்றார் தணிகாசலம்.

"எனக்கும் நாலு பல்லு இருக்கு. குடுங்க."

கயிறு தணிகாசலத்தின் உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. பிரித்தார். தோல் சிவந்து பள்ளமாகியிருந்தது.

போனார்கள்.

வாசலுக்கு எதிரே குளக்கரையில் பஞ்சு உட்கார்ந்துகொண்டது. சிங்காரமும் நின்றார். இழுக்கவில்லை. முதுகைச் சொறிந்துகொண்டார்.

"உனக்கு எப்போ தோணுதோ அப்போ போவோம். சாயந்தரம் மணியடிக்கணும், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து நாய் எழுந்தது.

அப்போதுதான் எதிர்க்கரையில் மொபெட் வந்தது. பின்னால் சிலிண்டர். கடிபட்டவருக்குப் பதிலாக வேறு ஆள். ஒவ்வொரு பள்ளத்திலும் டங், டங்.

பஞ்சுவின் காது நிமிர்ந்தது.

"சாமி!" என்று கத்தினார் தணிகாசலம்.

சாமி அசையவில்லை.

தணிகாசலத்தின் கை இறுகியது. நரம்பு புடைத்தது. கைக்குள் கயிறு இல்லை.

சாமி அந்தக் கையைப் பார்த்தார்.

சிங்காரத்துக்கும் சத்தம் கேட்டிருந்தது. "யாரு, மாடசாமியா? மூணு நாளா அடுப்பு ஊதி எனக்குப் பல்லும் கறுத்துப்போச்சு. வாய்யா, வா!"

கயிறு பிடித்த கையைத்தான் ஆட்டினார். கயிறு தொய்ந்து மண்ணைத் தொட்டது.

மொபெட் பக்கத்தில் வந்து நின்றது. பஞ்சு அதன் சக்கரத்தை மோந்தது. காலைத் தூக்கிச் சக்கரத்தை நனைத்தது. பிறகு வழியை மறித்துப் படுத்துக்கொண்டது.

"இது என்ன அநியாயம்!" என்றான் மாடசாமி. சுற்றிக்கொண்டு போனான்.

தணிகாசலம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மெதுவாகத்தான் பிரிந்தன.

"வார்த்தை கேட்டியே" என்றார் சாமி.

"வேண்டாம், சாமி."

மதியம் தணிகாசலம் பஞ்சுவோடு தன் தெருவில் நடந்தார். எதிரே இஸ்திரி வண்டி வந்தது. வண்டி தள்ளுபவர் நாயைப் பார்த்துவிட்டு நின்றார். வீட்டில் அவர் மனைவி கோமளம் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

தணிகாசலத்துக்குக் கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கை துடித்தது.

சுற்றவில்லை.

"வாங்க ரத்தினம்! வெயில் போட்டு வறுக்குதா?"

கயிறு தொய்ந்தே இருந்தது.

பஞ்சு கொட்டாவி விட்டது. வண்டி கடந்து போனது.

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"இதை யாருங்க கத்துக்குடுத்தா? சாமியா?"

"சிங்காரம்."